கோட்டுக்கு முன்னால் கணு: தமிழ் வாக்கியத்தைக் கணினிக்கு வரைந்து காட்டுதல்

"நேற்று வெள்ளவத்தையில் மீன் வாங்கிய அக்கா கொட்டாஞ்சேனைக்குப் போனார்." இந்த ஏழு சொற்களில் விளங்காத சொல் ஒன்றுமில்லை. ஆனால் நேற்று நடந்தது எது? மீன் வாங்கியதா, கொட்டாஞ்சேனைக்குப் போனதா? கேட்பவர் சூழலை வைத்து ஒன்றைத் தெரிந்துகொள்வார். இரண்டு பொருள் இருப்பதையே கவனிக்கமாட்டார். கணினி கவனித்தாக வேண்டும். அதற்காக வாக்கியத்தைச் சொற்களின் வரிசையாக வைத்திருக்காமல் கணுக்களும் கோடுகளுமாக வரைகிறார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு கணு. எந்தச் சொல் எதைச் சார்ந்து நிற்கிறதோ அதற்கு ஒரு கோடு. மீன் வாங்கியவோடு சேரும், வாங்கிய அக்காவோடு, அக்காவும் கொட்டாஞ்சேனைக்கும் போனாரோடு. போனார் எதையும் சாராது, அதுவே வேர். நேற்று என்ற சொல்லின் கோடு வாங்கியவுக்குப் போனால் ஒரு பொருள், போனாருக்குப் போனால் இன்னொரு பொருள். ஆறு கோடுகளில் ஐந்து அசையாது நிற்க, ஒன்றை மட்டும் இடம்மாற்றினால் நாள் யாருடையது என்பது மாறிவிடுகிறது.

இப்படிப்பட்ட படத்தைக் கணிதத்தில் கோட்டுரு என்பார்கள். நம் பாடசாலைகளில் வரைபு என்று படித்த, எக்ஸ் அச்சும் வை அச்சும் போட்டு வளைவு கீறும் சங்கதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோப்பில் இது படமாகவும் இராது. இன்று உலகம் முழுவதும் பழக்கத்தில் இருக்கும் வடிவத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி, ஒரு வரிக்குப் பத்து நிரல்கள். முதல் நிரலில் சொல்லின் இலக்கம், இரண்டாவதில் சொல், ஏழாவதில் அது சாரும் சொல்லின் இலக்கம், எட்டாவதில் அந்த உறவின் பெயர். மேலுள்ள வாக்கியத்தில் 'மீன்' வரியின் ஏழாம் நிரலில் 4 என்று இருக்கும். 'போனார்' வரியில் 0. நேற்றுக்கு 4 போடுவதா 7 போடுவதா என்பதுதான் மேலே கேட்ட கேள்வி.

வாக்கியத்தை வரைய இரண்டு வழிகள் இருந்தன. சொற்களைத் தொடர்களாகக் கட்டி, தொடர்களைப் பெரிய தொடர்களாகக் கட்டி, உச்சியில் வாக்கியம் என்று எழுதுவது ஒன்று. 1957இல் சோம்ஸ்கியின் நூல் இதைப் பரப்பியது. 1993இல் வெளிவந்த பென் மரவங்கி, அதாவது ஆங்கில வாக்கியங்களைக் கையால் வரைந்து சேர்த்த தொகுப்பு, அதைக் கணினிக்குள் கொண்டுவந்தது. மற்றது, இடையில் தொடர்ப்பெயர்கள் இல்லாமல் சொல்லுக்கும் சொல்லுக்கும் நேரடியாகக் கோடு போடுவது. பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் தெனியேர் இதற்கு நவீன வடிவம் கொடுத்தார். 1954இல் அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் நூல் அச்சேறியது. சொல் வரிசை இறுகிய ஆங்கிலத்துக்கு முதல் வழி இதமாக இருந்தது. செக், இந்தி, தமிழ் போன்ற மொழிகளில் உருபு உறவைச் சொல்லிவிடுவதால் சொல் எங்கும் போய் நிற்கலாம். தொடராகக் கட்டப்போனால் கட்டு அவிழ்ந்துகொண்டே இருக்கும். பிராக் நகர மொழியியலாளர்கள் சார்பு வழியில் போனது அதனால்தான். இந்தியாவில் வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகியோர் அட்சர பாரதி என்ற கூட்டுப் பெயரில் பாணினியின் காரகக் கோட்பாட்டை எடுத்து 1995இல் நூலாக்கியதும் அதனால்தான். பின்னர் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் இந்திய மொழிகளுக்கான குறியீட்டு முறை அந்த வேரிலிருந்து வளர்ந்தது.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது புதிதல்ல. பெயரெச்சம் பெயர்கொண்டு முடியும், வினையெச்சம் வினைகொண்டு முடியும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். தன்னைவிடத் தான் போய்ச் சேரும் இடத்தை வைத்தே ஒரு சொல்வகைக்குப் பெயர் இட்ட மரபு நம்முடையது. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு எழுதிய உரையை 1868இல் சி. வை. தாமோதரம்பிள்ளை அச்சிட்டார், அந்த உரையோடு 1938இல் சொல்லதிகாரத்தைப் பதிப்பித்த புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் தம் குறிப்புகளையும் சேர்த்தார். எது எதனோடு இயையும், எது எதைக்கொண்டு முடியும் என்ற வழக்கு அந்தப் பக்கங்களில் ஓயாது நடக்கிறது. இன்று மரவங்கி கட்டுபவர் உட்கார்ந்து செய்வதும் அதே வேலைதான், ஏழாம் நிரலில் இலக்கம் போட்டுச் செய்கிறார் என்பதைத் தவிர. ஆனால் பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிடுவதில் பயனில்லை. எச்சத்தைப் பற்றி நம் மரபுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இன்னும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

கணினி எப்படிக் கோடு போடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழு சொல் வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாக இருக்கக்கூடியவை மற்ற ஆறு சொற்களும் வேரும். ஆக 49 கோடுகள் சாத்தியம். அவற்றிலிருந்து ஒரேயொரு சொல் வேரோடு சேர, சுழல் இல்லாமல் எல்லாச் சொற்களும் இணையும்படி எத்தனை மரங்கள் வரையலாம் என்று கணக்குப் பார்த்தால் 117,649. பத்துச் சொல்லானால் நூறு கோடி. எல்லாவற்றையும் வரைந்து பார்க்கத் தேவையில்லை: ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, மொத்தம் அதிகமாக வரும் மரத்தை மட்டும் பிடிக்க 1960களிலேயே சூ, லியூ, எட்மண்ட்ஸ் ஆகியோர் வழி கண்டிருந்தார்கள். அதை 2005இல் ரயன் மக்டொனால்டும் கூட்டாளிகளும் வாக்கியத்துக்குப் பொருத்தினார்கள். 2003இல் யோக்கிம் நீவ்ரே காட்டிய இன்னொரு வழி, இடமிருந்து வலமாக ஒரு சொல்லை எடுத்து அடுக்கில் வைப்பதா, கோடு போடுவதா என்று ஒவ்வோர் அடியிலும் தீர்மானிப்பது. மதிப்பெண் கொடுக்கும் வேலையை இப்போது நரம்பு வலையமைப்புகள் செய்கின்றன. 2017இல் டோசாட்டும் மேனிங்கும் முன்வைத்த முறைதான் பெரும்பாலான பார்சர்களின், அதாவது வாக்கியத்துக்குக் கோடு போடும் பொறிகளின், உள்ளே இருக்கிறது. இந்தப் பகுதியில் தமிழுக்கென்று தனிச் சிக்கல் ஏதும் இல்லை. எவர் எழுதிய கணினி நிரலையும் எடுத்து ஓட்டலாம்.

சிக்கல் தொடங்குவது கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில். "கொட்டாஞ்சேனைக்கு நான் அவனைப் போகச் சொன்னேன்." பேச்சில் நாளும் வருகிற வாக்கியம். கொட்டாஞ்சேனைக்கு என்பது போகவோடு சேர்கிறது. இடையில் நிற்கும் நானும் அவனையும் சொன்னேனோடு. கீழே வரைந்து பாருங்கள், கோடுகள் குறுக்கே வெட்டும். கோடுகள் வெட்டாது என்று எடுத்துக்கொண்டு வேகமாக ஓடும் பார்சர்கள் இந்த இடத்தில் கொட்டாஞ்சேனைக்கு என்பதைச் சொன்னேனோடு ஒட்டிவிடும். அப்படியானால் கொட்டாஞ்சேனைக்கே செய்தி சொல்லியனுப்பியது போலாகிறது. நம் பொருள்கோள் வகைகளில் நிரனிறை என்பது முழுக்க இந்த வெட்டுத்தான். கண்ணும் பல்லும் மீனும் முத்தும் போன்றன என்றால் முதலாவது மூன்றாவதோடும், இரண்டாவது நான்காவதோடும் போய்ச் சேரும். நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் ஆற்றுநீரைத் தவிர மற்றவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் கோடு நேராகப் போகாத வழக்குகள்.

அதே வாக்கியத்தில் அவனை என்ற சொல்லைப் பாருங்கள். சொன்னது அவனிடம், போகப்போவதும் அவனே. இரண்டு வினைக்கும் அவன் உறவு. மரம் என்றால் ஒரு கணுவுக்கு ஒரு தலைதான் இருக்கலாம், ஆகவே ஒரு கோட்டைக் கைவிட வேண்டும். கைவிடக்கூடாது என்றால் மரம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஒரு கணுவுக்குப் பல தலை இருக்கலாம் என்று விடவேண்டும். அப்போதுதான் அது முழுப் பொருளில் கோட்டுரு ஆகிறது. சர்வதேசப் பொதுச் சார்பு முறை, அதாவது யுனிவர்சல் டிபென்டன்சீஸ், இதற்கென்று ஒன்பதாம் நிரலை ஒதுக்கி வைத்திருக்கிறது. தாப்பிசையில் நடுவில் நிற்கும் சொல் முன்னும் பின்னும் சென்று சேர்வதை நினைத்தால், ஒரு கணுவுக்கு இரண்டு தலை என்ற எண்ணம் நன்னூல் எழுதிய பவணந்தியாருக்குத் திடுக்கிடக்கூடிய புதுமையாக இருந்திராது.

"கமலா கடைக்குப் போய் மீன் வாங்கிச் சமைத்தாள்." மூன்று வினைக்கும் ஒரே வினைமுதல். மரத்தில் கமலாவின் கோடு சமைத்தாளுக்கு மட்டும் போகும். போனது யார், வாங்கியது யார் என்பது படத்தில் இல்லை. மற்றக் கோடுகளைப் பொறியே போட்டுக்கொள்ள ஒரு விதி வேண்டும். தொல்காப்பியர் வினையியலில் அந்த விதி இருக்கிறது: செய்து முதலிய முதல் மூன்று வாய்பாட்டு எச்சங்களும் தம் வினைமுதலின் வினையைக்கொண்டே முடியும். விதியைக் கணினி நிரலாக எழுதினால் பெரும்பாலான இடங்களில் சரியாக வேலை செய்யும். எங்கே தவறும் என்பதையும் அந்த மரபே சொல்லிவைத்திருக்கிறது. மழை பெய்து குளம் நிறைந்தது என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம். உரையாசிரியர்கள் இதைப் பெய்ய என்பதன் திரிபு என்று சமாதானம் சொன்னார்கள். கணினிக்குச் சமாதானம் போதாது. மழை, காற்று, வெயில் போன்ற எழுவாய்கள் வரும்போது விதியை நிறுத்திவை என்று ஒரு பட்டியலாவது வேண்டும்.

இதையும் தாண்டி, சொற்களையே விட்டுவிட்டுக் கருத்துகளைக் கணுவாக்கும் கோட்டுருக்களும் உண்டு. 1996இல் டோக்கியோவிலுள்ள ஐ.நா. பல்கலைக்கழகத்தில் தொடங்கிய யு.என்.எல். திட்டம் எந்த மொழி வாக்கியத்தையும் ஒரு பொதுக் கருத்து வலையாக மாற்ற முயன்றது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் டி. வி. கீதா குழுவினர் தமிழை அந்த வலைக்கு மாற்றும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தார்கள். 2013இல் அமெரிக்காவில் வந்த ஏ.எம்.ஆர். முறையும் அதே திசைதான். சொல் அளவிலான கோடுகளே தமிழில் இன்னும் நேராகாதபோது கருத்து வலைக்குத் தாவுவது அவசரம் என்பது என் எண்ணம்.

ஏன் நேராகவில்லை? கோடு எங்கே போக வேண்டும் என்று நாம் தயங்குவதைவிட, எது கணு என்று தயங்குவது அதிகம். "அண்ணனும் தம்பியும் வந்தார்கள்" என்பதில் எத்தனை கணு? எழுத்தில் மூன்று சொல். ஆனால் இணைக்கும் வேலையைச் செய்வது உம். அதை அண்ணனோடு ஒட்டவிட்டால் இணைப்புக்குக் கணுவே இல்லை. பிரித்தால் இரண்டு உம்மைகள், எதைத் தலையாக்குவது? பிராக் மரபில் இணைப்புச் சொல்லே தலை. பொதுச் சார்பு முறையில் முதலில் வரும் பெயர் தலை. லோகநாதன் ராமசாமியும் ஸ்தெனெக் ஷபோகிர்த்ஸ்கியும் பிராக் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய தமிழ் மரவங்கி உம்மையைத் தனிக் கணுவாகப் பிரித்தது. பிறகு அது பொதுச் சார்பு முறைக்கு மாற்றப்பட்டபோது தலைகள் இடம்மாறின. வாக்கியம் அப்படியே இருந்தது.

அடுத்தது துணைவினை. வந்துகொண்டிருந்தார் என்று ஒருவர் எழுதுவார். வந்து கொண்டிருந்தார் என்று இன்னொருவர். வந்துகொண்டு இருந்தார் என்று மூன்றாமவர். ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தில் மூன்றையும் பார்க்கலாம். இடைவெளியை நம்பிக் கணு பிரித்தால், அச்சுக்கோப்பவர் விரல் எங்கே பட்டதோ அதைப் பொறுத்து ஒரே வினை ஒரு கணுவாகவும் இரண்டாகவும் ஆகிறது. பயிற்சிக்கு வாக்கியங்கள் குறைவாக உள்ள மொழியில் இது பெரிய இழப்பு, ஏனென்றால் ஒன்றாக எண்ணப்பட வேண்டிய சான்று மூன்றாகச் சிதறுகிறது.

இருந்து என்ற சொல் இன்னும் மோசம். "அவர் வீட்டில் இருந்து வேலை செய்தார்." இருந்து வினையெச்சமா, ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபா? கொரோனாக் காலத்தில் கொழும்பு முழுவதும் வீட்டிலிருந்து வேலை செய்தபோது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் "கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு வந்தார்" என்பதில் அவை ஒன்றல்ல. முதல் வாசிப்பில் கொட்டாஞ்சேனையில் வாழ்ந்துவிட்டு வந்தார், இரண்டாவதில் அங்கே பஸ் ஏறினார். வினை என்றால் இருந்து தலையாகி, கொட்டாஞ்சேனையில் அதைச் சாரும். உருபு என்றால் தலைகீழ்: கொட்டாஞ்சேனை தலை, இருந்து அதன் பின்னொட்டு. கணுவுக்கு என்ன பெயர் வைக்கிறோமோ அதைப் பொறுத்துக் கோட்டின் அம்புத்தலை திரும்பிக்கொள்கிறது. என்று, கொண்டு, விட்டு, பற்றி, குறித்து, பார்த்து என்று இப்படி ஒரு பெருங்கூட்டமே தமிழில் வினையிலிருந்து உருபாகிக்கொண்டிருக்கிறது. பாதி வழியில் நிற்பவற்றைக் கறுப்பு வெள்ளையாகப் பிரிக்கச் சொல்கிறது எட்டாம் நிரல்.

வினையே இல்லாத வாக்கியங்களைப் பற்றி வேறு மொழிக்காரர் நிறையக் கவலைப்படுவார்கள். "இவர் என் அக்கா" என்பதில் அக்காவே பயனிலை; பெயர்ப் பயனிலை என்று நாம் எப்போதோ ஒத்துக்கொண்டாயிற்று. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தமிழ் தெரியும் போன்றவற்றில் எனக்கு எழுவாயா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஹைதராபாத் முறை அதற்கு அனுபவ கர்த்தா என்று தனி அடையாளம் வைத்தது. எழுவாய் என்றும் சொல்லாமல் கொள்வோன் என்றும் சொல்லாமல் தப்பிக்கிற நல்ல வழி அது.

கணுச் சிக்கலை நேரடியாகப் பிடித்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெங்காதரையர் சர்வேஸ்வரன், மொறட்டுவையின் கிகான் டயஸ், ஜெர்மனி கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் மிரியம் பட் ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய தமிழி மோர்ஃப், ஒரு சொல்லை அடியாகவும் விகுதிகளாகவும் விதிகளின்படி உடைத்துத் தரும் பொறி. அதன் விரிவான கட்டுரை 2021இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த தமிழி யு.டி.பி. என்ற பார்சர், தமிழ் வாக்கியங்கள் போதாமல் மற்ற மொழி மரவங்கிகளையும் சேர்த்துப் பயின்றது. அது எட்டிய மதிப்பெண் 62.39. அதாவது நூறு சொற்களில் ஏறக்குறைய 62க்குத் தலையும் உறவும் இரண்டும் சரி. அன்றைய தமிழ்ப் பார்சர்களில் அதுவே முதலிடம், முந்தியதைவிட நான்கு புள்ளி கூட. ஆங்கிலச் செய்தி வாக்கியங்களில் இந்த எண் 90ஐத் தாண்டிப் பல காலமாகிறது.

வித்தியாசத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பிராக் தமிழ் மரவங்கியில் இருப்பது தினமணி இணையதளத்திலிருந்து எடுத்த 600 வாக்கியங்கள். அதில் பயிற்சிக்கு 400, சோதனைக்கு 120, இடைச் சரிபார்ப்புக்கு 80. இந்தி மரவங்கியில் 16,000க்கு மேல், செக் மொழியில் 80,000க்கு மேல். ஹைதராபாத்தின் பரமேஸ்வரி கிருஷ்ணமூர்த்தியும் சர்வேஸ்வரனும் பின்னர் இன்னொரு தமிழ் மரவங்கி தந்தார்கள்: தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகள், 534 வாக்கியங்கள். இலக்கண நூல் வாக்கியங்கள் குறுகியவை, ஒவ்வொன்றும் ஓர் அமைப்பை விளக்கவே எழுதப்பட்டவை. அரிய அமைப்புகள் ஒன்றுவிடாமல் கிடைக்கின்றன, ஆனால் எது அடிக்கடி வரும் எது எப்போதாவது வரும் என்ற விகிதத்தை அதிலிருந்து கற்க முடியாது. இரண்டும் சேர்ந்தாலும் ஆயிரத்துச் சொச்சம். சிங்களத்தின் நிலை இதைவிட மெலிவு. 2023இல் வெளியான சிங்கள மரவங்கியில் 100 வாக்கியங்கள்.

இந்த வேலை இன்னும் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. இப்போதைய பெரிய மொழி மாதிரிகள் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. எல்லாச் சொல்லிலிருந்தும் எல்லாச் சொல்லுக்கும் கோடு போட்டு எடையை மட்டும் மாற்றிக்கொள்கின்றன. 2019இல் ஹியூவிட்டும் மேனிங்கும் அப்படிப்பட்ட மாதிரி ஒன்றின் உள்ளே தோண்டிப் பார்த்தபோது, எவரும் சொல்லிக்கொடுக்காமலே சார்பு மரத்தின் சாயல் அங்கே உருவாகியிருந்தது. ஆங்கிலம்போல் எழுத்துக் குவிந்து கிடக்கும் மொழிக்கு இது ஆறுதலான செய்தி. நமக்கு அவ்வளவு குவியல் இல்லை. உள்ளே உருவானது சரியா பிழையா என்று அளக்கவாவது கையால் வரைந்த மரங்கள் வேண்டும்.

கொழும்பில் இதற்கு அன்றாடப் பயனும் உண்டு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. அரச கடிதம் சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழாவதுதான் இன்றும் வழக்கம். 2018இல் மொறட்டுவைக் குழுவினர் விவரித்த 'சி-த' என்ற பொறி அரச ஆவணங்களை இரு மொழிக்கிடையே புள்ளியியல் முறையில் மாற்றியது. சொல் வரிசை இரு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் வேலை எளிது என்று தோன்றும். ஆனால் பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஏற்ப மாறாது: மம யனவா, எயா யனவா, நானும் அவரும் ஒரே யனவா. தமிழில் போகிறேன், போகிறார், போகிறது என்று முடிக்க வேண்டும். எழுவாயிலிருந்து வினைக்குப் போகும் கோடு தெரியாத பொறி விகுதியைக் குருட்டுவாக்கில் ஒட்டும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் நீண்ட எச்சத் தொடர் ஒன்று புகுந்தால் பக்கத்துச் சொற்களை மட்டும் பார்க்கும் முறை அங்கேயே கைவிட்டுவிடும்.

இனி இலங்கைத் தமிழுக்கென்று ஒரு மரவங்கி தொடங்குபவர் முதல் நாளே சந்திக்கப்போகும் சொல் ஒன்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய வீடுகளில் "நான் நேற்று வந்தனான்", "அவர் நேற்று வந்தவர்" என்பது சாதாரண இறந்தகால வாக்கியம். கொட்டாஞ்சேனையில் மலையகத்தாரும் இந்திய வழி வணிகக் குடும்பத்தாரும் பேசும்போது அங்கே பெரும்பாலும் வந்தேன், வந்தார். தினமணி வாக்கியங்களில் பயின்ற பார்சருக்கு வந்தவர் என்றால் வந்த ஆள், வினையாலணையும் பெயர். "அவர் நேற்று வந்தவர்" என்ற அளவில் இதனால் நட்டமில்லை: பெயர் என்றாலும் வினை என்றாலும் அவர், நேற்று இரண்டின் கோடுகளும் வந்தவருக்கே போகின்றன, படம் அச்சொட்டாக ஒன்று. "அவர் நேற்று வந்தவர், இண்டைக்குக் காணேல்லை" என்று தொடரட்டும். வந்தவர் பெயர் என்று நம்பிய பார்சர் அதைக் காணேல்லையோடு கட்டி, நேற்று வந்த ஒரு ஆளை இன்று காணவில்லை என்று பொருள் எடுக்கும். காணாமற்போனோர் பட்டியல் நீண்ட ஊரில் அது சிறு பிழையல்ல. முற்று என்று குறித்திருந்தால் இரண்டு வாக்கியம் பக்கத்தில் பக்கம் நிற்கும், நேற்று வந்தார், இன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே சொல்வகைக்கான நாலாம் நிரலில் வந்தவர், வந்தனான் இரண்டுக்கும் வினை என்றும் இலக்கணக் கூறுகளுக்கான ஆறாம் நிரலில் முற்று என்றும் எழுதவேண்டும், எழுதுபவர் வடிவத்தை மட்டும் பார்க்காமல் அந்த வாக்கியம் எந்த வீட்டில் பேசப்பட்டது என்பதையும் கேட்டறிந்து எழுதவேண்டும். எழுதி முடித்த 600 வாக்கியத்தோடு இவற்றைக் கலப்பதா, தனித் தொகுப்பாக வைப்பதா என்றால், தனித் தொகுப்பே நல்லது. கலந்தால் 400 பயிற்சி வாக்கியத்தில் வினையாலணையும் பெயர் என்று கற்றது இதை அமுக்கிவிடும்.